முகக்கவசத்துக்குள் ஒரு பாட்டு

புனே கன்டோன்மென்ட் தமிழ்ச் சபையில் பெஞ்சுக்கு இரண்டு பேர்தான். கீபோர்டில் ஒரு பாட்டின் ராகம் மட்டும் ஒலிக்கிறது. கொரோனாவுக்குப் பயந்து, வாய்விட்டுப் பாடத் தடை. மில்ட்ரெட்டின் முகக்கவசம் மட்டும் உள்ளே ஒட்டுவதும் உப்புவதுமாக இருக்கிறது. ஏப்ரலில் கணவர் எட்வினைக் கவச உடைக்காரர்கள் நாலு பேர் புதைத்தார்கள். அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. குழிமேட்டில் இந்தப் பாட்டை யாரும் பாடவில்லை. வாசலில் காய்ச்சல் பார்த்து உள்ளே அனுப்பிய சபை இளைஞன் கிளாட்சன் சானிடைசர் பாட்டிலோடு வந்து குனிகிறான். "ஆன்ட்டி, பாடக் கூடாது. மனசுக்குள்ள சொல்லுங்க." அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். "அவருக்கு யாருமே பாடலப்பா." கிளாட்சன் அவளைத் தாண்டிப் போய், பாதி மூடியிருந்த ஜன்னலின் துருப்பிடித்த கொக்கியை நெம்பி அகலத் திறந்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான்.