கங்காணியின் அடைப்பு

“கட்டாயம் ஸ்டென்ட் வச்சிருங்க டொக்டரம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

பதுளை ஆஸ்பத்திரி மேசையில் மல்லாந்து கிடந்த சின்னராசா ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டார். மற்றக் கையின் மணிக்கட்டு வழியாக நுழைந்த மெல்லிய கம்பி, இதயத்து இரத்தக்குழாய் வரை போயிருந்தது. உயிர்மேல் மனிதருக்கு இவ்வளவு ஆசையா என்று டொக்டர் கேசினிக்கே பாவமாகிவிட்டது.

“பொறுங்கோ ஐயா. குழாய் சுருங்கியிருக்கிறது படத்தில தெரியுது. ஆனா அதால இரத்த ஓட்டம் குறையுதோ எண்டு அளந்து பாத்திட்டுத்தான் குழாயை விரிக்கிற ஸ்டென்ட் வைக்கிறது. இப்ப ஒரு மருந்து தாறன். நெஞ்சு கொஞ்சம் அமத்தும், பயப்பிடாதேங்கோ.”

மருந்து ஏறியது. சின்னராசா தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வு பெற்ற கங்காணி. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கத்திப் பழகிய குரல். “ஐயோ முனியாண்டி, போறேனே!” என்று அப்புத்தளைக்கே கேட்கும்படி அலறினார். அலறி முடிப்பதற்குள் வலி போய்விட்டது. மனிதருக்கு வெட்கமாகப் போயிற்று.

கேசினி திரையைப் பார்த்துச் சிரித்தார். “நல்ல சேதி ஐயா. இரத்தம் நல்லா ஓடுது. ஸ்டென்ட் தேவையில்லை, குளிசை விழுங்கினாப் போதும்.”

சின்னராசாவின் முகம் தொங்கிப் போனது.

“அது எப்புடிங்க? அடைப்பு இருக்குன்னு சொன்னீங்களே!”

“உங்கட லயத்து வீட்டுத் தண்ணிப் பைப் ஒரு இடத்தில நசிஞ்சிருக்கு எண்டு வையுங்கோ. ஆனா குடம் வழமை போல நிரம்புது. பைப்பை வெட்டி மாத்துவீங்களோ?”

“மாத்த மாட்டோம்...” என்று இழுத்தவர், சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒங்கள எம் மக மாதிரி நெனைச்சுச் சொல்றேன். எம் மக நிரஞ்சலா, மொனராகலைப் பையன் ஒருத்தன், நிமலனாம், அவனத்தான் கட்டுவேன்னு நிக்கிறா. அந்த வெயில்ல எம் புள்ள கருவாடாப் போயிருவா. ‘அவனக் கட்டுனீன்னா ஒங்கப்பன் நெஞ்சு வெடிச்சுச் செத்துருவேன்’னு சொல்லித்தான் அடக்கி வச்சிருக்கேன். அடைப்புன்னதுல இருந்து வீட்ல எனக்கு ராச மரியாத. இப்ப ஒண்ணுமில்லன்னா எம் பேச்ச எவன் கேப்பான்?”

கேசினிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

“அந்தப் பிள்ளை வெளியில நிண்டு அழுதுகொண்டிருக்கிறா. இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்லிக் காலமை தொட்டு என்ர பின்னாலயே திரியிறா. அதிர்ச்சியா ஏதும் கேள்விப்பட்டா அப்பான்ர நெஞ்சு தாங்குமோ எண்டும் கேட்டவ. அவவைப் போய் ஏமாத்துறீங்களே!”

“பாசக்காரப் புள்ளதாங்க.” சின்னராசாவுக்கு உண்மையாகவே கண் கலங்கியது. ஆனால் கங்காணி புத்தி விடவில்லை. “அதனாலதான் கேக்குறேன். ‘பெரிய அடைப்பு’ன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருங்க.”

“பொய் சொல்லமாட்டன்.”

அவரை வார்டுக் கட்டிலுக்குக் கொண்டுவந்ததும் நிரஞ்சலா ஓடி வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. கேசினி சோதனை முடிவை உள்ளபடி சொன்னார்.

“நெசமாவா டொக்டர்? எத வேணாலும் தாங்குவாரா?”

“தாராளமாத் தாங்குவார். பயமில்லை.”

சின்னராசா கடைசி முயற்சியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகிப் பார்த்தார். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மகளோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நெஞ்சிலிருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு பாசமான பிள்ளையையா இத்தனை நாள் மிரட்டினோம் என்று அவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

“அழாத புள்ள. அப்பாவுக்கு ஒண்ணுமில்ல.”

நிரஞ்சலா கண்ணைத் துடைத்தாள். வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அப்ப ஒங்க மருமகன உள்ள கூப்புடட்டுமாப்பா? போன மாசமே ரெஜிஸ்டர் கல்யாணம் முடிஞ்சிருச்சு.”