ஒச்சப்பனின் அரைஞாண்

லாரி ஓட்டுநர் ஒச்சப்பனுக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட கறுப்பு அரைஞாண், தினமும் அவர் சிறுநீரகங்களை ஸ்கேன் செய்து நர்ஸ் ஜெசிந்தாவுக்குப் படம் அனுப்பும். போன மாதம் நோய் அங்கேயும் பரவி, இரண்டும் வீங்கி வெளுத்துத் தெரிந்தன. புது மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த படத்துக்குப் பயந்து, ஒச்சப்பன் அரைஞாணைக் கழற்றி லாரியின் முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழத்தோடு கட்டிவிட்டார்.

ஜெசிந்தா போனில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நாலு நாளா எலுமிச்சங்கொட்டையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"பயமாருக்கும்மா."

"செத்தவங்களுக்குத்தான் அரைஞாண அறுப்பாங்க. எடுத்துக் கட்டுங்க!"

வண்டியை ஓரங்கட்டி, இடுப்பில் கட்டினார். ஜெசிந்தா புதுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"வீக்கம் வடிஞ்சிருக்கு. மாத்திரைக்குக் கேக்குதுண்ணே."

ஒச்சப்பன் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.