வாசித்துக் காட்டுதல்

மாலை மூன்று ஐம்பது.

ஐந்து மணிக்குள் செய்தி அலுவலகம் போய்ச் சேர வேண்டும்.

உதவிப் பொறியாளரின் மேசைக்கு முன்னால் அவள் நின்றாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

கையில் ஒரே தாள்.

கிளம்பும்போது சக நிருபர் மகுடேஸ்வரன் தடுத்துப் பார்த்தான்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே அந்த ஆள்கிட்டயே படிச்சுக் காட்டப் போறியா? நீ என்ன லூசா? மேல ஒரு போன் போடுவார். செய்தி செத்துச்சு. மேலக்கரைக்காரங்க இன்னும் பத்து வருஷம் குடத்தைத் தூக்கிட்டு அலைய வேண்டியதுதான்."

அவன் சொன்னதில் தவறில்லை.

அவளுக்கு வேறு மாதிரி வராது.

ஒன்பதாம் வகுப்பில், பள்ளிப் பத்திரிகைக்கு, சத்துணவு சாம்பாரில் பருப்பே இல்லை என்று எழுதினாள். பத்திரிகைக்குப் பொறுப்பாக இருந்த ஜெசிந்தா டீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். இதில் யார் பெயர் இருக்கிறதோ, அவர் முன்னால் நின்று வாசித்துவிட்டு வா.

சமையற்கூடத்துப் புகையில் நின்று வாசித்தாள்.

"பாதிப் பருப்புதாண்டி எனக்கே வருது. அதையும் எழுது," என்றார் சமையல்காரம்மா.

எழுதினாள். முதல் பக்கத்தில் வந்தது.

அடுத்த வாரம் முழுப் பருப்பும் வந்தது.

அதற்குப் பிறகு பதினாறு வருடங்கள். வாசித்துக் காட்டாமல் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை.

இன்றும் தாளை உயர்த்திப் பிடித்தாள்.

வாசித்தாள்.

"மேலக்கரை காலனியில் எழுபத்திரண்டு வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் பதித்தாகிவிட்டது என்று சான்று இருக்கிறது. கையெழுத்திட்டவர் உதவிப் பொறியாளர் தணிகாசலம். ஒரு வீட்டிலும் குழாய் இல்லை."

அவர் கை செல்போனை எடுத்தது.

வெகுநேரம் வைத்திருந்தது.

பிறகு அதை மேசைமேல் கவிழ்த்தது.

"இன்னொரு தடவை வாசிக்கணுமே," என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

பயத்தில் ஒன்றை விட்டுவிட்டிருந்தாள். இரண்டு முறை வாசிக்க வேண்டும். முதல் முறை கேட்பவர் காதில் அவர் பெயர் மட்டும்தான் விழும் என்பார் டீச்சர்.

டீச்சரிடம் படித்த பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் அப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை வாசித்தாள். நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக.

அவர் கண்களை மூடிக் கேட்டார். பேனாவுக்குக் கை நீட்டினார். தாளை வாங்கி எழுபத்திரண்டை அடித்தார்.

நூற்று நான்கு என்று எழுதினார்.

"பக்கத்துத் தெருவும் அப்படித்தான். உங்களுக்கு யாரும் சொல்லலை போல."

தாளைத் தரவில்லை. மறுபடி குனிந்தார். 'கையெழுத்திட்டவர்' என்பதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தார்.

தெரிந்தே.

மணி நான்கு பத்து.

அவளுடைய போன் அடித்தது. மகுடேஸ்வரன்.

"என்ன, செத்துச்சா?"

"இல்லடா. நூத்தி நாலு வீடு. முதல் பக்கத்துல இடம் வைக்கச் சொல்லு. பெருசா."

தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"ஏம்மா," என்றார் அவர் பின்னாலிருந்து. "ஜெசிந்தா டீச்சர்கிட்ட நீங்க எந்த வருஷம்?"