உடோனுக்கு என்ன ஆச்சு?

"வாயைத் தொறந்து தொறந்து மூச்சு வாங்குது டாக்டர். மூக்குல நுரை நுரையா வருது. தலையை அப்படியே மேல தூக்கிவெச்சுக்கிட்டு கூரையையே பாக்குது."

திருமதி இசோபே சொல்லிக்கொண்டே துணிப்பையின் முடிச்சை அவிழ்த்தார். பந்துபோலச் சுருண்டிருந்த வெள்ளை மலைப்பாம்பு, மேஜைமீது மெல்ல வழிந்து இறங்கியது.

டாக்டர் நருமி கையுறையை மாட்டிக்கொண்டாள். போன மாதம் இதே மேஜையில், இதே அறிகுறிகளோடு ஒரு பாம்பு கிடந்தது. மருந்தே இல்லாத வைரஸ். அதை வளர்த்த லாரி டிரைவர் குலுங்கிக் குலுங்கி அழுதபோது, அவளால் பக்கத்தில் நிற்க மட்டும்தான் முடிந்தது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"நாலஞ்சு நாளா."

"எலி போட்டா சாப்பிடுதா?"

"தெரியல டாக்டர். எல்லாம் பையன்தான் பாத்துக்குவான்."

"பேரு என்ன?"

"என் பேரா?"

"பாம்போட பேரு, இசோபே சான்" என்று ஜப்பானிய மரியாதை குறையாமல் கேட்டாள் நருமி.

அவர் ஒரு கணம் விழித்தார். "என்கிட்ட சொன்னதில்ல."

நருமி பாம்பின் வாயை மெல்லத் திறந்து டார்ச் அடித்தாள். உள்ளே சுத்தமான இளஞ்சிவப்பு. சளியும் இல்லை, நுரையும் இல்லை. ஈரத்துணியை மேலே போட்டு ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். கரகரப்பு எதுவும் கேட்கவில்லை.

மல்லாக்கப் புரட்டிப் பார்த்தாள். நரம்பில் கோளாறு இருந்தால் அப்படியே கிடக்கும். இது சட்டென்று திரும்பிக்கொண்டு, என்ன விளையாட்டு என்பதுபோல நாக்கை நீட்டியது. எக்ஸ்ரே எடுத்தாள். நுரையீரலில் ஒரு நிழல்கூட இல்லை.

நிம்மதி வரவேண்டிய இடத்தில் பயம்தான் வந்தது. போன மாதத்துப் பாம்பைச் சோதித்தபோதும் முதலில் எதுவும் அகப்படவில்லை. விட்டு விட்டு வரும் நோய் இப்படித்தான் ஏமாற்றும்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் படல, இசோபே சான். வீட்டுக்குக் கொண்டு போங்க. கூண்டைச் சூடா வெச்சுக்குங்க. மறுபடி மூச்சு வாங்கினா உடனே வாங்க."

"வேண்டாம் டாக்டர்! இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க." அவர் மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். கண் மட்டும் பாம்பின்மேல் இல்லை. வாசல் கண்ணாடிக்கு வெளியே, பனி பெய்துகொண்டிருந்த தெருவில் இருந்தது.

"நோய் என்னன்னு தெரியாம நான் எதுக்கு மருந்து குடுக்கறது? பையனுக்குத்தானே எல்லாம் தெரியும். அவர் எங்க வேலை பாக்கறார்?"

"வீட்லதான் இருக்கான்."

"வீடு தூரமா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"அப்ப வரச் சொல்லுங்களேன்!"

"வர மாட்டான் டாக்டர்."

நருமிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆசையாக வாங்கி வளர்ப்பானாம். சீக்கு என்றால் வயசான அம்மாவைப் பனியில் தூக்கிக்கொண்டு ஓட விடுவானாம்.

திருமதி இசோபே போனை எடுத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்காத போனில், குரல் பதிவாகும்படி பேசினார். "அம்மாதான். ஸ்டேஷனுக்குப் பின்னால இருக்கே, மிருக ஆஸ்பத்திரி, அங்கதான் இருக்கேன். உன் பாம்புக்கு மூச்சே விட முடியல. டாக்டர் என்ன வியாதின்னே தெரியலங்கறாங்க."

"நான் அப்படிச் சொல்லலியே!" என்றாள் நருமி.

அவர் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி, "கண்ணை மட்டும் ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றார்.

நருமி கண்ணைப் பார்த்தாள். செதிலுக்கடியில் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தாள். மீண்டும் ஒருமுறை வாயைத் திறந்தாள். இருந்தால் கண்டுபிடிக்கலாம். இல்லாததை எங்கே போய்த் தேடுவது? கை ஓய்ந்து நின்றாள்.

"என்னால இதுக்கு மேல முடியாது, இசோபே சான். நிஜமா முடியாது."

அவர் தலையாட்டினார். பாம்பை எடுத்துப் பைக்குள் விடக் கை நீட்டினார். பை நழுவிக் கீழே விழுந்தது.

அப்போது வாசல் கதவு தடாலென்று திறந்தது.

முப்பது வயசிருக்கும். தோள்வரை தொங்கிய முடி நனைந்து சொட்டியது. கோட்டு இல்லை, காலில் வீட்டுக்குள் போடும் செருப்பு, அதில் பனி அப்பிக் கிடந்தது. விளக்கு வெளிச்சம் தாங்காமல் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி மேல்மூச்சு வாங்கினான். காகிதம்போல வெளுத்த முகம்.

"உடோன்..." வெகுநாள் பேசாத தொண்டைபோல குரல் உடைந்து வந்தது. "உடோனுக்கு என்ன ஆச்சு?"

இவன்தான் அந்த மகன். நருமியின் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. பாவம், இந்த நல்ல சேதியையாவது சொல்வோம் என்று வாயெடுத்தாள். "பயப்படாதீங்க, உங்க பாம்புக்கு..."

மேஜைக்கடியில் அவள் மணிக்கட்டை ஒரு கை இறுகப் பற்றியது. திருமதி இசோபே மகனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓட, டாக்டருக்கு மட்டும் கேட்கும்படி கிசுகிசுத்தார்:

"நல்லா இருக்குன்னு உடனே சொல்லிடாதீங்க டாக்டர்... அஞ்சு வருஷத்துல இன்னிக்குத்தான் வாசலைத் தாண்டியிருக்கான்!"