சொத்தைக் கடலை

முதலாளி சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, மூக்கம்மாள் தன் துணிப்பையிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்து ஸாதனாவின் மேசைமேல் வைத்தாள்.

“இதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா.”

உள்ளே பழுப்பாய் ஏதோ பொடி. கால் பாட்டில்கூட இல்லை.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அந்தக் கடலை மண்டியில் மூக்கம்மாள் பொறுக்கும் வேலை பார்க்கிறாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. நல்ல பருப்பு மூட்டைக்குப் போகும். கறுத்தது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது எல்லாம் ஓரமாகக் குவியும். அந்தச் சொத்தைக் கடலையை வேண்டியவர்கள் அள்ளிக்கொண்டு போகலாம் என்பது முதலாளியின் தாராளம்.

ஸாதனா மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ். அது தெரிந்துதான் மூக்கம்மாள் வந்து நின்றாள்.

களமசேரி ஆய்வகத்தில் ஸாதனாவும் சுதர்ஷனும் சேர்ந்து செய்த கருவி அன்றுதான் முதல் தடவையாக வெளியே, இந்த மண்டிக்கு வந்திருந்தது. விரல் நகத்தைவிடச் சிறிய சில்லு. அதன்மேல் கிராஃபீன், ஓர் அணு கனத்தில் விரித்த கரிப்படலம். கடலையில் பூஞ்சை விட்டுப்போன நஞ்சு இம்மியளவு அதில் ஒட்டினாலும் ஓடுகிற மின்சாரம் மாறும். போன் திரையில் கோடு ஏறும்.

காலையிலிருந்து எந்த மூட்டைக்கும் கோடு அசையவில்லை. நல்ல சரக்கு. முதலாளிக்குச் சந்தோஷம், ஸாதனாவுக்கு உள்ளூர ஏமாற்றம்.

அதனால் பாட்டிலைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம் வந்தது. வறுத்து, வெல்லம் சேர்த்து இடித்த கடலைப்பொடி. ஒரு சிட்டிகை எடுத்துக் குப்பியிலிருந்த ஸ்பிரிட் கரைசலில் போட்டுக் குலுக்கினாள். வடிகட்டி, ஒரு சொட்டு சில்லின்மேல் விட்டாள்.

கோடு ஏறியது.

நிற்காமல் ஏறியது.

வேறு சில்லு மாற்றி மறுபடி ஒரு சொட்டு விட்டாள். அதே ஏற்றம்.

இப்படி ஒரு கோட்டுக்காகத்தான் அவள் வருஷக்கணக்கில் காத்திருந்தாள். ஆய்வகத்தில் தானே கலந்துவைத்த நஞ்சில் அல்ல, நிஜமான ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த பொடியில். திரையைப் படம் பிடித்து சுதர்ஷனுக்கு அனுப்பினாள்.

மூக்கம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நல்லதாத்தானம்மா காட்டுது?”

தான் சிரித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் ஸாதனாவுக்குத் தெரிந்தது.

“ஐயோ, இல்லை அக்கா. விஷமாக்கும் இது. வறுத்தாலும் போகாது, கேட்டேளா. அப்படியே கொட்டிடுங்கோ. யாராக்கும் இதைச் சாப்பிடறது?”

“இப்பத் திங்க ஆளில்லம்மா.”

மூக்கம்மாள் பாட்டிலின் மூடியைத் திருகத் தொடங்கினாள். அது மரை மாறி மாறி உட்கார்ந்தது.

“விக்கிக்கு இடிச்சது. எம் பிள்ள. மெலிஞ்சுக்கிட்டே வந்தான். சத்தாகும்னு கூட ரெண்டு ஸ்பூனு போட்டுக் குடுத்தேன். கண்ணு மஞ்சளாகி, வயிறு ஊதி... வர்ற ஆடியோட வருசம் திரும்புது. இது அவன் மிச்சம் வச்சது.”

ஸாதனாவிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். பொடி பழசு. ஒரு மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்ததில் பூஞ்சை பிற்பாடு வந்திருக்கலாம். கண் மஞ்சளாவதற்கு வேறு எத்தனையோ காரணம் உண்டு. கருவியே இன்னும் பரீட்சையில்தான் இருக்கிறது.

எதுவும் பொய்யில்லை. ஆனால் பேசப் பேச, தன் குரலைக் கேட்க அவளுக்கே பொறுக்கவில்லை.

மூக்கம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். பிறகு மேசைமேல் இருந்த குப்பியைக் காட்டிக் கையை நீட்டினாள்.

“அதுல போட்டதையும் குடுத்துரும்மா.”

குப்பியில் அந்தச் சிட்டிகைப் பொடி கலங்கலாய், ஸ்பிரிட் வாடையோடு கிடந்தது. அதை இனிப் பொடியாகத் திருப்பித் தர முடியாது.

மூக்கம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை.