பூச்சாடிக்குப் பின்னால்

மாமியாரைப் பகலில் கண்காணிக்க, ஹாலில் பூச்சாடிக்குப் பின்னால் ஒரு சின்னக் கேமராவை மருமகள் ஒளித்து வைத்தாள். கணவனிடம்கூடச் சொல்லவில்லை. அலுவலகத்தில் போனைத் திறந்தால் மாமியார் துணி மடிப்பது தெரியும். ஒருநாள் திரையின் கீழே 'பார்ப்பவர்கள்: 2' என்றிருந்தது. அவள் ஒருத்தி; இன்னொருவர் யார்? கேமராவோடு வந்த பாஸ்வேர்டை அவள் மாற்றியிருக்கவில்லை. பதறிப்போய் மாற்றினாள். அப்போதும் இரண்டு.

யாரிடம் போய்ச் சொல்வது? கூனிக் குறுகி, இன்று காலை கேமராவைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மாலையில் மாமியார் டீயை நீட்டினார். "நீ பார்க்குறேன்னுதாம்மா தினமும் தலையை ஒழுங்கா வாரிக்கிட்டேன். இன்னிக்கு ஏன் பார்க்கல?"

அவள் கேமரா இருந்த கைப்பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"அந்த இன்னொருத்தர் மட்டும்தான் இருந்தார்."

சொல்லிவிட்டு, பூச்சாடிப் பக்கம் பார்த்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.