முகத்துக்கு நேரே ஒரு மூட்டை

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க, நீங்க மூட்டையைத் தள்ளலேன்னு!"

"எனக்கு வேற வேலையில்லையா? உன் செல்ல மகளைப் போய்க் கேளு!"

அருங்காட்சியகக் காவலாளியும் அவர் மனைவியும் போட்ட கூச்சலில் குண்டுச் சத்தமே தோற்றுப்போனது. போருக்குப் பயந்து குடும்பமே அந்தக் கூடத்தில்தான் ஒண்டியிருந்தது. வேறிடத்துக்குத் தூக்கிப்போக முடியாத கல் ராணிச் சிலையைச் சுற்றி, தலை உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். தினமும் காலையில் முகத்துக்கு நேரே இருந்த மூட்டை மட்டும் தரையில் கிடந்தது. கிழியவில்லை. சிலையைப் பார்த்திருந்த பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது.

"குண்டுச் சில்லு பட்டா ராணி மூக்கு போயிரும்டி!" என்று காவலாளி வீம்பாக மூட்டையை ஏற்றி, சுற்றிலும் சிமென்ட் பூசினார். அவர் கை கழுவுவதற்குள் மகளுக்கு மூச்சு முட்டியது. உதடு நீலமாகிவிட்டது.

"எடுங்க அதை! புள்ள போயிருவா!"

ஈரச் சிமென்டோடு மூட்டையைப் பிடுங்கினார். மகள் மூச்சை இழுத்தாள். மூட்டைகளுக்குப் பின்னாலும் யாரோ இழுத்தார்கள்.

அப்புறம் அதை யாரும் மூடவில்லை. போர் ஓய்ந்ததும் மகளைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனால் அவள் தூங்கும்போது இரண்டு பேர் மூச்சு கேட்கிறதென்று தனி அறையில் படுக்கிறாராம்.